பிளஷர் வண்டியின் விளக்கைப் பற்றி என் மகனுக்கு

ராசா,

பெரம்பலூரில் நீ வண்டி வாங்கியதைச் சொல்லி எழுதிய கடிதத்தை உன் அப்பா ஒரு முறையும் நான் பல முறையும் படித்தோம். என் உடம்பு எப்படி என்று ஒரு வரி, அப்பாவின் முழங்கால் வலி எப்படி என்று அரை வரி, மீதியெல்லாம் வண்டி. இஞ்சினுக்கு எத்தனை குதிரையின் பலம் என்று எழுதியிருக்கிறாய். சீட்டுக்குப் போட்ட தோலின் நிறத்தை அப்படி வருணித்திருக்கிறாய். கல்யாணப் புடவை எடுத்தபோதுகூட நீ அவ்வளவு நேரம் நிறம் பார்த்தவன் இல்லை. ஹாரன் எப்படிச் சத்தம் போடும் என்பதை எழுத்திலேயே ஊதிக் காட்டியிருக்கிறாய். கடைசியில், போனால் போகிறது என்று, 'விளக்கும் நன்றாக எரிகிறது' என்று முடித்துவிட்டாய். வீட்டில் பூனையும் இருக்கிறது என்று சொல்வதுபோல.

அந்த 'விளக்கும்' என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிற 'உம்' இருக்கிறதே, அதுதான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது. தபாலில் போட்டால் நீ ஒருவன் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துச் சலவைக்குப் போட்டுவிடுவாய். இப்போது பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் வண்டி வாங்கிவிட்டுத் தரையில் கால் பாவாமல் திரிகிற பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அம்மாக்கள் இருப்பார்கள், எழுதச் சோம்பல்பட்டிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து நானே எழுதி, பத்திரிகைக்கு அனுப்பிவிடுவதாக உன் அப்பாவை மிரட்டியிருக்கிறேன். 'உன் பெயரைப் போடாதே' என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மானஸ்தர்.

காரைப் பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். நியாயம்தான். கார்க் கதவை உள்ளிருந்து எப்படித் திறப்பது என்று தெரியாமல், ஒரு கல்யாணத்தில் தாலி கட்டி முடிகிற வரை வண்டிக்குள்ளேயே வியர்வை வழிய உட்கார்ந்திருந்தவள் நான். கேட்பதற்கு வெட்கம். கண்ணாடி வழியாகப் பார்த்த சம்பந்தி வீட்டார், 'இறங்கி வரக்கூட மனசு வரலை பாரு, அவ்வளவு கர்வம்' என்று பேசிக்கொண்டார்கள். இன்றுவரை அந்தக் குடும்பம் என்னைக் கர்வக்காரி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் திருத்தவில்லை. கதவு திறக்கத் தெரியாதவள் என்பதைவிட அது கொஞ்சம் கௌரவம்.

ஆனால் வண்டியின் விளக்கைப் பற்றி எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் உன் மாமா சுந்தரம். அவனுடைய கறுப்பு பிளஷர் உனக்கு நினைவிருக்கும். நம் பக்கத்தில் காசு கொடுத்து இடிபட்டுப் போனால் பஸ், மூட்டை ஏற்றினால் லாரி, தனக்கென்று வைத்துக்கொண்டு கால் நீட்டிப் போனால் பிளஷர். உன் மாமா மீசைக்கு எண்ணெய் போடுவான், வண்டிக்கு எண்ணெய் போடுவான். கட்டினவள் தலைக்கு எண்ணெய் இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள், நான் யாரிடமும் சொல்லவில்லை. அவன் நம் வீட்டுக்கு வந்தால் சாப்பிட இலை போடுவதற்குள் வண்டிப் பேச்சை ஆரம்பித்துவிடுவான். நான் அடுப்படியிலிருந்து உம் கொட்டுவேன். உம் கொட்டியே நான் கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை.

ஒரு மத்தியானம் நம் வாசலில் வண்டியை நிறுத்தி, முன்விளக்கின் வளையத்தைக் கழற்றி, "அக்கா, இங்க வந்து பாரு" என்றான். கையில் மாவோடு போய்ப் பார்த்தேன். உள்ளே வெள்ளி பூசிய ஒரு கிண்ணம். பாயசம் ஊற்றிக் குடிக்கலாம் போலிருந்தது. அதன் நடுவில் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒரு பல்பு. "இவ்வளவுதானாடா?" என்றேன். எனக்குப் பெரிய ஏமாற்றம். அவ்வளவு பெரிய வெளிச்சத்துக்குள்ளே ஏதோ தீவட்டி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். "இவ்வளவுதான். மீதியெல்லாம் கிண்ணம் பண்ற வேல" என்றான். நம் அடுக்களைச் சுவரில் மாட்டுகிற தகர விளக்குக்குப் பின்னால் ஒரு பளபளப்புத் தகடு இருக்குமே, சுவரோடு வீணாகப் போகிற வெளிச்சத்தை நம் பக்கம் திருப்பித் தருவதற்கு? அதன் பெரிய அண்ணன்தான் இந்தக் கிண்ணம். பல்பு பாவம், நாலு பக்கமும் வெளிச்சத்தை வாரி இறைக்கிறது. கிண்ணம் அத்தனையையும் பொறுக்கி எடுத்து, ஒன்றோடொன்று இடிக்காமல், நேராக முன்னே அனுப்புகிறது. அதற்கு அந்தக் கம்பி கிண்ணத்துக்குள் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டுமாம். எள் அளவு தள்ளினாலும் வெளிச்சம் மரக்கிளைக்குப் போய்விடும், இல்லை பள்ளத்தில் விழுந்துவிடும்.

இன்னும் கேள். அந்த நெல்லிக்காய்க்குள் ஒரு கம்பி இல்லை, இரண்டு கம்பி. இரண்டும் தலைமயிர் கனம். ஒன்று எரிந்தால் வெளிச்சம் தூரமாக நேரே போகும். அதைவிட்டு, அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கிற இன்னொன்று எரிந்தால் அதே கிண்ணம் வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கிவிடும். எதிரே வருகிறவன் கண் கூசாமலிருக்க இந்த ஏற்பாடு. பெரியவர்கள் எதிரே வந்தால் நாம் பார்வையைத் தாழ்த்துவோமே, அந்த மரியாதையை ஒரு தலைமயிர்க் கம்பிக்கு எவனோ கற்றுக்கொடுத்திருக்கிறான். ஓட்டுகிறவன் அதை மாற்றக் கையை எடுக்க வேண்டாம். இடது காலால் ஒரு பொத்தானை மிதித்தால் போதும். மேலே மூடுகிற கண்ணாடியில் வரிவரியாக மேடும் பள்ளமும் இருந்தன. அழகுக்கு என்று நினைத்தேன். அழகுக்கு இல்லை, ஒரே கோடாக வருகிற வெளிச்சத்தைச் சாலையின் அகலத்துக்கு விரித்துப் போட. நான் மாவுக் கையோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. உன் அப்பா வாய் பேசாமல் சாப்பிட்டார். அவர் கோபத்தின் உச்சம் அதுதான்.

இனி அந்தச் சாயங்காலத்தைச் சொல்கிறேன். அப்போது சண்டைக் காலம். நீ பட்டாளத்தில் கடல் தாண்டி இருந்தாய். என் கடிதங்களில் உனக்கு வந்ததெல்லாம் 'அனைவரும் சௌக்கியம்' என்ற ஒரு செய்திதான். உனக்குச் சொல்லக் கூடாது என்று ராஜம் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உன் பெண்டாட்டி வாங்கிய சத்தியத்தை இப்போது அவள் அனுமதியோடுதான் மீறுகிறேன். நீ வண்டி ஓட்டப் போகிறாய் என்றதும், "சொல்லிடுங்க அத்தை" என்று அவளே சொல்லிவிட்டாள்.

ராஜத்துக்குத் தாயார் இல்லாததால் தலைப்பிரசவத்தைத் திருமானூரில் நம் வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. நாள் இன்னும் இருந்தது. ஆனால் அன்றைக்கு மத்தியானமே வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். எப்போதும் ஊர்க்கதை பேசிக்கொண்டே வேலை செய்கிறவள், அன்று பேச்சை நிறுத்திவிட்டாள். என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், "புள்ள குறுக்க கெடக்குதுங்க. என் கையில இல்லீங்க. நேரத்தக் கடத்தாம அரியலூரு லேடி டாக்டருகிட்ட தூக்கிட்டுப் போயிடுங்க. இல்லாட்டி ரெண்டும் தங்காது" என்றாள். உன் அப்பா வழக்கு விஷயமாகத் திருச்சிக்குப் போயிருந்தார். மாட்டு வண்டியில் அரியலூர் போவதற்குள் விடிந்துவிடும். உன் மாமா பக்கத்து ஊரில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வண்டியோடு போயிருந்தான். சைக்கிளில் ஆளை விரட்டினேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு உன் மாமா வந்து சேர்ந்தான். செய்தி கேட்டதும் மாப்பிள்ளையை நடுத்தெருவில் இறக்கிவிட்டு வந்துவிட்டானாம். பட்டு வேட்டியும் மாலையுமாக அந்தப் பையன் நாயனக்காரர்களுக்குப் பின்னால் மீதி ஊர்வலத்தைப் பொடிநடையாக முடித்திருக்கிறான். வண்டியும் மாப்பிள்ளைக் கோலத்தில்தான் வந்தது. மூக்கில் செவ்வந்தி மாலை, கதவெல்லாம் வாழைக்குருத்து. ராஜத்தைப் பின் சீட்டில் படுக்க வைத்து, மருத்துவச்சி கீழே குந்திக்கொள்ள, நான் முன்னால் உன் மாமா பக்கத்தில் ஏறினேன். ஊரைத் தாண்டுகிற திருப்பத்தில் அவன் ஏதோ விசையைத் தட்டினான். வண்டியின் தோள்பட்டையிலிருந்து மஞ்சள் வெளிச்சத்தோடு ஒரு சின்னக் கை வெளியே நீண்டது. ரயில் கைகாட்டி மாதிரி. "யாருக்குடா கை காட்ற?" என்றேன். சுற்றிலும் ஓர் எருமைதான் இருந்தது. "திரும்பறப்ப காட்டணும்க்கா. அதான் சட்டம்" என்றான். பின்னால் மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள், இவன் எருமைக்குக் கை காட்டுகிறான். ஆனால் இன்றைக்கு யோசிக்கிறேன்: யாரும் பார்க்காத இடத்திலும் கை காட்டுகிறவனைத்தான் நம்பி ஏறலாம்.

இருட்டு இறங்கியது. உன் மாமா முன்விளக்கைப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. அதாவது, ஏதோ மஞ்சளாக ஒரு புகை வண்டியின் மூக்குக்கு முன்னால் தொங்கியது; அவ்வளவுதான். சாலை இல்லை, மரம் இல்லை. ஜப்பான்காரன் ஆகாயத்திலிருந்து பார்த்துவிடுவான் என்று முன்விளக்குக் கண்ணாடியில் மேல்பாதிக்குக் கறுப்புப் பூச வேண்டும் என்று அப்போது உத்தரவு இருந்தது. திருமானூர்க் கரும்புமேல் ஜப்பான்காரனுக்கு என்ன ஆத்திரமோ, பூசியிருந்தோம். ஆனால் மீதிப் பாதி எங்கே போயிற்று? உன் மாமா முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ஓட்டினான். திடீரென்று "ஏய், ஏய்!" என்று முன்னாலிருந்து ஒரு குரல். பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றபோது, கரும்பு ஏற்றிய ஒரு மாட்டு வண்டியின் பின்பக்கத் தோகைகள் எங்கள் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தன.

இறங்கிப் பார்த்தோம். மாப்பிள்ளை வீட்டு அத்தைமார்கள் வண்டிக்குத் திருஷ்டி படாமலிருக்க விளக்குக் கண்ணாடி இரண்டிலும் சந்தனத்தைக் கை நிறைய அப்பி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். நெற்றி எது, கண் எது என்று தெரியாத ஜனங்கள். கண்ணிலேயே பொட்டு வைத்துவிட்டார்கள். பல்பின் சூட்டில் அது வறட்டி மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது.

"இத பாக்காமயாடா ஓட்டிட்டு வந்த?"

"பகல்ல எப்படிக்கா தெரியும்? லச்சுமிகரமா இருக்குன்னு நானே சந்தோசப்பட்டேன்."

"லச்சுமி வந்தா வழி தெரியாம வயக்காட்டுல போயி விழுவா. தொட!"

துடைத்தால் போகவில்லை. கண்ணாடியில் வரிவரியாகப் பள்ளம் என்றேனே, சந்தனம் அந்த வரிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே துடைக்கத் துடைக்க உள்ளே இன்னும் அழுத்தமாக இறங்கியது. கரும்பு வண்டிக்காரர் தண்ணீர்ச் சுரைக்குடுக்கையைக் கொண்டுவந்து ஊற்றினார். நான் தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி, கோலம் போடுகிறவள் மாதிரி குந்திக்கொண்டு, ஒவ்வொரு வரியாகச் சுரண்டினேன். உள்ளேயிருந்து ராஜம் ஒரு தடவை கத்தினாள். நான் ஊசியைத் தாறுமாறாக இழுத்தேன். கரும்பு வண்டிக்காரர், "பதறாதீங்கம்மா, வெளுத்துக்கிட்டு வருது" என்றார். உண்மைதான், ஒவ்வொரு வரி திறக்கத் திறக்க, என் விரலிடுக்கில் வெளிச்சம் வெளியே கசிந்தது. முந்தானையை நனைத்துக் கடைசியாக ஒரு துடை துடைத்துவிட்டு எழுந்து, திரும்பிப் பார்த்தேன்.

ராசா, சாலை பிறந்திருந்தது. எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன் ஒன்றுமே இல்லாத இடத்தில் செம்மண்ணும் வண்டித்தடமும் ஒரு தவளையும் இருந்தன. புளியமரங்களில் அடித்த சுண்ணாம்புப் பட்டை ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றது, யாரோ வரிசையாக எழுப்பிவிட்டதுபோல. பாதி மூடிய கண்ணாடியிலிருந்து வந்த வெளிச்சமே அவ்வளவு. அந்த நெல்லிக்காயா இது, அந்தப் பாயசக் கிண்ணமா இது என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். "ஏறுக்கா, அப்பறம் பாத்துக்கலாம்" என்று உன் மாமா கத்தினான்.

வழியில் எதிரே இன்னொரு மாட்டு வண்டி வந்தது. முதலில் எனக்கு வண்டி தெரியவில்லை. இருட்டில் நாலு பச்சை நெருப்பு மட்டும் தெரிந்தது. மாடுகளின் கண்கள். நம் வெளிச்சத்தை நமக்கே திருப்பித் தருகிற கண்கள். மாடுகள் மிரண்டு குறுக்கே நின்றுவிட்டன, சாலை அடைத்துவிட்டது. வண்டிக்காரன் தார்க்கோலால் குத்துகிறான், அவை அசையவில்லை. நான் ஹாரன் அடிக்கச் சொன்னேன். உன் மாமா அடிக்கவில்லை. இடது காலால் மெதுவாக மிதித்தான். வெளிச்சம் மாடுகளின் முகத்திலிருந்து இறங்கி அவற்றின் குளம்புக்குப் போயிற்று. நாலு பச்சை நெருப்பும் அணைந்தன. இரண்டு பெருமூச்சு, மாடுகள் ஓரமாக ஒதுங்கி, எங்களைத் தாண்டிப் போய்விட்டன. ராசா, இதை மறக்காதே. எதிரே வருகிறவனுக்குக் கண் கூசினால் அவன் ஒதுங்க மாட்டான்; ஒதுங்க இடம் தெரியாமல் உன் முன்னாலேயே நிற்பான். மாட்டுக்கும் அப்படித்தான், மனுஷனுக்கும் அப்படித்தான், குடும்பத்துக்குள்ளும் அப்படித்தான். நான் உன் அப்பாவிடம் பேசும்போது அந்தப் பொத்தானை மிதிக்க அடிக்கடி மறந்துவிடுகிறேன்.

அரியலூரில் லேடி டாக்டர் ராஜத்தைப் பார்த்ததும் உடனே உள்ளே எடுத்துப் போகச் சொன்னார். அந்தத் தெருவுக்கு அப்போது கரண்டு வரவில்லை. இருந்த ஒரே பெட்ரோமாக்ஸின் மேண்டில் வலை அன்று பார்த்துப் பொசுங்கியிருந்தது. சண்டைக் காலத்தில் புது மேண்டில் கிடைப்பது குதிரைக்கொம்பு. அரிக்கேன் லாந்தர்களை வைத்துக்கொண்டு டாக்டரம்மா தடவித் தடவிப் பார்த்தார். "குழந்தையைத் திருப்பணும். உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம நான் கையை வைக்க முடியாது" என்றார். அந்த நேரம் பார்த்து உன் மாமா வெளியே வண்டியைத் திருப்பினான். முன்விளக்கு ஆஸ்பத்திரிச் சுவரை மெழுகிக்கொண்டு வந்து, ஜன்னல் வழியாக அறைக்குள் நுழைந்து, கூரையில் ஒரு முழம் வெள்ளையடித்துவிட்டுப் போயிற்று. டாக்டரம்மா தலையைத் தூக்கினார். "அதை யார் ஓட்டறது? அதை இங்க நிறுத்தச் சொல்லுங்க!"

ஓடினேன். உன் மாமா வண்டியை ஜன்னலுக்கு நேரே கொண்டுவந்தான். ஜன்னல் உயரம், விளக்கு தாழ்வு. வெளிச்சம் மேலே ஏறிக் கூரையைத்தான் காட்டியது. பின்பக்கமாக எடுத்து, ஜன்னல்வரை நீண்டிருந்த தோட்டத்து மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தினான். அப்போது வெளிச்சம் நேரே டாக்டரம்மாவின் கண்ணில் அடித்தது. அவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். "கீழ இறக்குடா, மாட்டுக்கு இறக்கின மாதிரி இறக்கு!" என்று கத்தினேன். மிதித்தான். வெளிச்சம் அவர் முகத்திலிருந்து வழுக்கி, சரியாகக் கட்டிலின்மேல் விழுந்து நின்றது. அளவெடுத்துத் தைத்தது மாதிரி. டாக்டரம்மா, "போதாது, இன்னும் வேணும்" என்றார். இன்னும் வேண்டுமென்றால் மேல்பாதிக் கறுப்பைச் சுரண்ட வேண்டும். உன் மாமா என்னைப் பார்த்தான். நான் கொண்டை ஊசியை நீட்டினேன். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடினால்தான் டைனமோ சுற்றும், டைனமோ சுற்றினால்தான் பாட்டரிக்குத் தீனி. இஞ்சினை நிறுத்தினால் பாட்டரி தன் சேமிப்பிலிருந்துதான் விளக்குக்குக் கொடுக்க வேண்டும்.

முழுக் கண்ணாடியும் திறந்ததும் தெருவே வெளுத்துவிட்டது. அந்த வெளுப்பைப் பார்த்துவிட்டு ஏட்டையா ஒருவர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

"யாருய்யா அது? உத்தரவு தெரியாதா? அணைய்யா வெளக்க! மேல பறந்துக்கிட்டிருக்கானே, அவன் பாத்தா என்னாகும்?"

"எவன் பறக்கிறான்?" என்றேன்.

"ஜப்பான்காரன்மா!"

"பாக்கட்டும். நல்லா பாக்கட்டும். புள்ள பொறந்ததும் அவனுக்கும் சக்கரை குடுக்கிறேன்."

ஏட்டையா என்னை விட்டுவிட்டு வண்டிப் பக்கம் போனார். ஜன்னலிலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது: "அந்த விளக்குல கை வெச்சா, உள்ள இருக்கற பொண்ணு உசுருக்கு நீதான் பதில் சொல்லணும்." ஏட்டையா உள்ளே எட்டிப் பார்த்தார், பார்த்ததும் சட்டென்று திரும்பிக்கொண்டார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். "நான் ஒண்ணும் பாக்கல. நான் இந்தப் பக்கமா பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்று இருட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

குழந்தையைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். அது அழுத சத்தம் பூனைக்குட்டி மாதிரி மெலிசாக இருந்தது, ஆனால் அழுதது. நான் கைகூப்பினேன். அதற்குள் டாக்டரம்மா, "ரத்தம் நிக்கலை. கிழிசல் எங்க இருக்குன்னு தெரியுது, தைக்கணும். யாரும் விளக்கை அசைக்காதீங்க" என்றார். ஊசியில் நூலைக் கோத்தார். அந்த நேரத்தில்தான் வெளியே இஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றது. கூப்பனுக்கு அளந்து கொடுத்த பெட்ரோல் தீர்ந்துவிட்டது; பாதியைக் கல்யாண ஊர்வலம் குடித்திருந்தது.

விளக்கு அணையவில்லை. ஆனால் வெள்ளை மெதுவாகப் பழுக்க ஆரம்பித்தது. உன் மாமாவை அப்படி நான் பார்த்ததில்லை. வாயே திறக்காமல் பின்னால் ஓடினான். ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாமல், பின்னால் வருகிறவனுக்காக மட்டும் எரிகிற அந்தச் சிவப்பு விளக்கின் பல்பைப் பிடுங்கினான். முன்னால் வந்து, சுவரில் வீணாக அடித்துக்கொண்டிருந்த இன்னொரு முன்விளக்கின் பல்பையும் துண்டைச் சுற்றிப் பிடித்துக் கழற்றினான்; கொதித்திருக்கும். மிச்சமிருந்த பாட்டரி முழுவதும் ஒரே தலைமயிர்க் கம்பிக்கு. வெளிச்சம் கொஞ்சம் நிமிர்ந்தது, மறுபடி தளர்ந்தது. "கிட்ட கொண்டு போனா கொஞ்சம் பெலக்கும். தள்ளுங்க!" என்றான். நான், மருத்துவச்சி, உன் மாமா மூவரும் தள்ளினோம், அசையவில்லை. அப்புறம் அசைந்தது. திரும்பிப் பார்த்தால், இருட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்த ஏட்டையா தொப்பியைத் தரையில் போட்டுவிட்டு முதுகைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். கனகாம்பரப் பாத்தியை மிதித்துக்கொண்டு வண்டி ஜன்னலை முட்டி நின்றது.

மஞ்சள் செம்மஞ்சளானது. கண்ணாடிக்குள் அந்தக் கம்பியையே நேராகப் பார்க்க முடிந்தது. சற்றுமுன் கண்ணைப் பறித்தது, இப்போது ஊதுவத்தி முனை மாதிரி. ஒரு துளி வெளிச்சம் இன்னும் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிண்ணம் தன் வேலையை விடவில்லை, ராசா. கிடைத்தது எவ்வளவோ அவ்வளவையும் பொறுக்கிப் பொறுக்கி அனுப்பிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மாவின் கை மட்டும் சிவப்பாக ஏறி இறங்கியது. "கத்தரி" என்றார். நூலை வெட்டுகிற சத்தம் கேட்டது. "நின்னுடுச்சு" என்றார். கம்பியும் அணைந்துவிட்டது.

லாந்தர்களில் எண்ணெய் எப்போது தீர்ந்ததென்று யாரும் கவனிக்கவில்லை. முழு இருட்டு. எனக்கு ஒரே பயம். ராஜத்திடமிருந்து சத்தமே இல்லை. கட்டிலைத் தடவிக்கொண்டு போனேன். அப்போது அந்த இருட்டுக்குள்ளிருந்து, தண்ணீர் கேட்கிறவள் மாதிரி, ஆனால் நல்ல கோபத்தோடு, அவள் குரல் வந்தது:

"யாரு அத்தை வெளக்க அணைச்சது? எம் புள்ள மொகத்த நான் பாக்க வேணாமா?"

ஜன்னலுக்கு வெளியே தீப்பெட்டி உரசுகிற சத்தம். ஏட்டையா கம்பிக்குள் கையை விட்டுத் தீக்குச்சியைப் பிடித்திருந்தார். முகத்தை மட்டும் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். நான் குழந்தையை அதன் கிட்டே தூக்கிப் பிடித்தேன். ராஜம் பார்த்தாள். உன் பெண்ணும் பார்த்தாள். குச்சி அவர் விரலைத் தொட்டதும் உதறினார். உடனே இன்னொன்றை உரசினார். "பாத்துக்கம்மா, பெட்டி நெறைய இருக்கு" என்றார்.

உன் அம்மா.